பூட்டிய வீடும் காவல் மணியும்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கும், பொங்கலுக்கு வேலூர், ஆரணி, திருவண்ணாமலைப் பக்கத்துச் சொந்த ஊர்களுக்கும் சித்தூர், திருப்பதி வாழ் நம்மவர் குடும்பத்தோடு புறப்படுவது வழக்கம். அந்நாட்களில் வீடு பூட்டிக் கிடக்கும். திருடர்களும் பஞ்சாங்கம் பார்ப்பவர்களே என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

வீட்டில் ஆளில்லை என்பதைத் திருடனுக்கு அறிவிப்பவை யாவை? முதலாவது, வாசலில் கோலமின்மை. தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் கோலம் இருக்க, ஒரு வாசல் மட்டும் மூன்று நாளாக வறண்டு கிடந்தால் வேறு சாட்சி வேண்டியதில்லை. இரண்டாவது, படியில் குவியும் செய்தித்தாள். மூன்றாவது, பகலிலும் எரியும் வாசல் விளக்கு. இரவு எரிந்தால் ஆள் இருப்பதாகத் தோன்றும் என்று எண்ணி நாம் போட்டுச் செல்வது, நண்பகலில் நம்மையே காட்டிக் கொடுக்கிறது. இருள் வந்தால் எரிந்து, விடிந்தால் தானே அணையும் ஒளியுணர் விளக்குகள் இப்பொழுது சாதாரண மின்சாமான் கடைகளிலேயே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை மாட்டிச் செல்வது நலம்.

நான்காவது, பூட்டு. திண்டுக்கல் பூட்டின் பெருமையை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் எத்துணை உறுதியான பூட்டாயினும், வெளித் தாழ்ப்பாளில் தொங்கினால் ‘உள்ளே எவரும் இல்லை’ என்னும் பலகையாகவே அது நிற்கும். திருடன் பூட்டைத் தொடுவதில்லை. தாழ்ப்பாளைப் பிடித்திருக்கும் சின்னஞ்சிறு திருகாணிகளைக் கடப்பாரையால் நெம்புகிறான். ஆகவே முன்வாசலுக்குக் கதவினுள் பதித்த பூட்டும், பின்வாசலுக்கு உட்புறத்தில் குறுக்கு இரும்புப் பட்டையும் அமைத்து, தொங்கு பூட்டை உள் அறைக்கு வைத்துக் கொள்க.

இனி மணிக்கு வருவோம். கதவைத் திறந்தால் ஒலிக்கும் மின்சார மணிக்கு அமெரிக்காவில் போப் என்பவர் 1853ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். கதவு திறக்கும்பொழுது மின்சுற்று கூடி மணி ஒலிக்கும் முறை அது. இம்முறையில் ஒரு குறை உண்டு. கம்பியை முன்கூட்டியே அறுத்துவிட்டால் மணி ஊமையாகிவிடும்.

இதற்கு நேர் எதிரான முறையை ரயில்வேயில் பணியாற்றும் நாம் நாள்தோறும் காண்கிறோம். 1872இல் ராபின்சன் என்பவர் காப்புரிமை பெற்ற தண்டவாளச் சுற்று அது. தண்டவாளங்களில் மெல்லிய மின்சாரம் எந்நேரமும் ஓடிக் கொண்டிருக்கும். வண்டி ஏறியதும் சக்கரங்களும் அச்சும் அம்மின்சாரத்தைக் குறுக்கே திருப்பிவிட, கோடியில் உள்ள ரிலே விழுந்து கைகாட்டி சிவப்பாகும். வண்டியே வராமல் கம்பி அறுந்தாலும், பாட்டரி செத்தாலும் சிவப்பே. கோளாறு எதுவாயினும் அபாய அறிவிப்பாகவே முடிய வேண்டும் என்பது அதன் தத்துவம். வீட்டு மணிக்கும் இதனையே நாம் கைக்கொள்ளலாம்.

வேண்டிய சாமான்கள் சிலவே: ஒன்பது வோல்ட் பாட்டரி, பி.சி. 547 டிரான்சிஸ்டர், 47 கிலோ ஓம் மின்தடை, ஒன்பது வோல்ட்டில் தானே ஒலிக்கும் பஸர், கதவில் பதிக்கும் காந்த ஸ்விட்ச். காந்தம் அருகில் இருக்கையில் சுற்று மூடும் ஸ்விட்சையே கேட்டு வாங்குக. கடையிலேயே மீட்டர் வைத்துச் சோதிக்கலாம்.

டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் நம்மை நோக்க, கால்கள் கீழே இருக்குமாறு பிடித்தால், இடது கால் கலெக்டர், நடு பேஸ், வலது எமிட்டர். பஸரின் சிவப்புக் கம்பியைப் பாட்டரியின் நேர்முனையிலும், கறுப்பைக் கலெக்டரிலும் இணைக்க. எமிட்டர் பாட்டரியின் எதிர்முனைக்குச் செல்லும். மின்தடை நேர்முனைக்கும் பேஸுக்கும் இடையில். காந்த ஸ்விட்ச் பேஸுக்கும் எதிர்முனைக்கும் இடையில். காந்தத்தைக் கதவிலும், ஸ்விட்சைச் சட்டத்திலும் பொருத்துக. கதவு மூடியிருக்கையில் ஸ்விட்ச் பேஸை அடக்கி வைக்கும், பஸர் மௌனமாயிருக்கும். கதவு திறந்தால் பேஸ் விடுபட்டு ஒலி எழும். ஸ்விட்சுக்குச் செல்லும் கம்பியை எவனேனும் அறுத்தாலும் அதே ஒலிதான்! ஜன்னல்களுக்கும் ஸ்விட்ச் வைத்து எல்லாவற்றையும் ஒரே மாலையாகத் தொடுத்துவிடலாம். பாட்டரியை ஒட்டி ஒரு மறைவான ஸ்விட்ச் வைப்பது, நாமே கதவைத் திறக்கும்பொழுது நிறுத்துவதற்கு உதவும்.

காத்திருக்கும் நிலையில் செலவாவது ஒரு மில்லி ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கே. நல்ல ஆல்கலைன் பாட்டரி மூன்று மாதம் தாங்கும். ஆனால் இதில் பாட்டரி செத்தால் மணி ஒலியாது. தண்டவாளச் சுற்றுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. ஆதலால் புறப்படும் முன் ஒரு முறை திறந்து ஒலிக்கச் செய்து பார்க்க. கதவை மீண்டும் சாத்தினால் ஒலி நின்றுவிடும் என்பது மற்றொரு குறை; அதனைத் தீர்க்கச் சற்றுப் பழகியவர்கள் எஸ்.சி.ஆர். என்னும் உறுப்பைப் பயன்படுத்துவர்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஜன்னல் கம்பியிலோ காம்பவுண்டு வேலியிலோ வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சி வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடவே கூடாது. 230 வோல்ட் மின்சாரம் திருடனையும் தபால்காரரையும், பந்தெடுக்க வரும் குழந்தையையும் பிரித்தறியாது. பயிர்க் காவலுக்கென்று கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலிகளில் பலமனேர், குப்பம் பக்கத்தில் யானைகளே மாண்டிருக்கின்றன. உயிர்ச்சேதம் நேர்ந்தால் கம்பி கட்டியவரே சிறை செல்ல நேரும். ஒன்பது வோல்ட்டோடு நமது கைவேலை நிற்கட்டும்.

காமிரா வைத்திருப்போர் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றாவிட்டால், நம் வீட்டை நாம் மட்டும் பார்க்கிறோம் என்று சொல்வதற்கில்லை. மின்தடை ஏற்பட்டால் ரௌட்டர் அணைந்து காமிரா குருடாகும். ரௌட்டருக்கென்று விற்கும் சிறு யு.பி.எஸ். சில மணி நேரத்துக்குக் கைகொடுக்கும். திருமலை தரிசனப் படத்தை மலையிலிருந்தே உலகுக்கு அனுப்பும் வழக்கத்தைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. வீடு திரும்பியபின் அனுப்பினாலும் பெருமாள் கோபிக்கமாட்டார்.

ஆந்திரப் போலீசார் 2017ஆம் ஆண்டையொட்டி, பூட்டிய வீடுகளைக் கண்காணிக்கும் எல்.எச்.எம்.எஸ். திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். வெளியூர் செல்வோர் கைப்பேசி வழியாகத் தெரிவித்தால், அசைவுணரும் காமிராவைப் போலீசாரே வீட்டில் வைப்பர்; எவரேனும் நுழைந்தால் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி செல்லும். திருப்பதியிலும் இது செயற்பட்டது. இப்பொழுதைய ஏற்பாட்டினைத் தத்தம் காவல் நிலையத்தில் விசாரித்துக் கொள்க. அவசரத்துக்கு 112 எண்.

இவ்வளவு இருந்தும், மணி ஒலித்தால் கேட்க ஒரு காது வேண்டுமே! புதிதாக வந்து குடியேறிய நம் குடும்பங்கள் தெலுங்கு வராத கூச்சத்தால் அண்டை வீட்டாரிடம் சொல்லாமலே ஊருக்குப் புறப்பட்டுவிடுகின்றன. எதிர்வீட்டு அம்மாளிடம், “நாலுகு ரோஜுல்லோ வஸ்தாம், இல்லு கொஞ்சம் சூடண்டி” என்று சொன்னால் போதும். செய்தித்தாளை எடுத்து வைப்பார். கேட்டுக் கொண்டால் வாசலில் தண்ணீர் தெளித்து ஒரு கோலமும் இழுத்துவிடுவார். நம் கைப்பேசி எண்ணை அவரிடம் எழுதிக் கொடுத்து, மணியை ஒரு முறை ஒலிக்கச் செய்து அவர் காதுக்கு அந்த ஓசையைப் பழக்கிவிட்டுப் புறப்படுக.