விளம்பரமும் அறிவித்தலும்

மன்னார்த் தீவில் வீடு விற்க விழைவோர் இன்று தரகரை நாடாமலே, படமும் விலையும் தொலைபேசி எண்ணும் சேர்த்து, இக்மன் போன்ற இணையத்தளத்தில் தாமே விளம்பரம் பதிக்கலாம். கடல் கடந்தோரும் அதனைக் காண்பர். நல்ல வசதியே, ஆயினும் விற்பனையை ஊரறியச் செய்தல் புதுமையன்று. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, காணி விற்கும் எண்ணத்தை மூன்று ஞாயிறுகளில் தேவாலயத்தில் அறிவிக்கும் முறையைக் கூறுகிறது. அவ்வறிவித்தல் பங்காளியின் முன்னுரிமையைக் காத்தது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், தேசவழமைக்குட்பட்ட காணிகளில் அவ்வுரிமையை வலியுறுத்தியது. போரினால் பங்காளிகள் பல நாடுகளிற் சிதறிய மன்னாரில் இது சிறு செய்தியன்று. இணையத்தளம் விளம்பரத்தைக் காட்டும், உரிமைக்குப் பொறுப்பாகாது. ஆதலின் வாங்குவோர் முதலில் உறுதியையும் காணிப் பதிவகத்தையும் பார்க்க. படத்தைப் பின்னர்ப் பார்க்கலாம்.