தேர் முதலில், கோயில் பிறகு: ஜெர்மனியில் காமாட்சி குடியேறிய கதை

ஜெர்மனியில் ஊன்ட்ரோப் என்று சொன்னால் வயதில் மூத்தவர்களுக்கு அணு உலைதான் நினைவுக்கு வரும். தோரியத்தைப் பயன்படுத்திய அந்த உலை 1989-ல் நிறுத்தப்பட்டது. சுமார் 180 மீட்டர் உயரமிருந்த அதன் குளிர்விப்புக் கோபுரத்தை 1991-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே வட்டாரத்தின் தொழிற்பேட்டையில் இன்று இன்னொரு கோபுரம் நிற்கிறது. உயரம் 17 மீட்டர்தான். ஆனால் அது ராஜகோபுரம். சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட மதில், சுதைச் சிற்பங்கள் எல்லாம் நம்மூர்ச் சாயல். அண்டை வீடுகள் மட்டும் கிடங்குகளும் தொழிற்கூடங்களும்.

இதுதான் ஹம் நகரத்து ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம். இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன தமிழர்கள் எழுப்பியது. 2002 ஜூலை 7-ந் தேதி குடமுழுக்கு நடந்தது. ஐரோப்பாவின் பெரிய இந்துக் கோயில்களில் ஒன்று என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. அளவைப் பற்றிய பெருமை இருக்கட்டும். கையில் காசில்லாமல், மொழி தெரியாமல், இருக்க அனுமதி கிடைக்குமா என்றே தெரியாமல் வந்து இறங்கியவர்கள் பதினேழு ஆண்டுகளில் இதை எப்படிச் சாதித்தார்கள்? பணம் என்றோ பக்தி என்றோ ஒற்றைச் சொல்லில் முடித்துவிட முடியாது. என் கணிப்பில் இந்தக் கோயிலைக் கட்ட வைத்தது அதன் தேர்.

ஏன் ஹம்? யாரும் திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்த ஊர் அல்ல அது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் மேற்கு ஜெர்மனிக்குள் நுழைய ஒரு விசித்திரமான வழி இருந்தது. விமானத்தில் கிழக்கு பெர்லினுக்குப் போய், அங்கிருந்து நகர ரயிலேறி மேற்கு பெர்லினில் இறங்கிவிடுவது. பெர்லினுக்குள் எல்லை இருப்பதையே மேற்கு ஜெர்மனி ஏற்காததால், அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை பெயரளவுக்குத்தான். 1985 ஜூலையில் மேற்கு ஜெர்மனியின் நெருக்குதலுக்கு இணங்கிக் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைத்தது. அதற்குள் வந்து சேர்ந்தவர்களையும், பிறகு வேறு வழிகளில் வந்தவர்களையும் மாநிலவாரியாகப் பங்கிட்டு, ஊர் ஊராகப் பிரித்து அனுப்பினார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் குவியக் கூடாது என்பது அரசின் எண்ணம். தஞ்சம் கேட்டவர் தமக்கு ஒதுக்கிய மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்பது 1982-ம் ஆண்டுச் சட்டம். அண்ணன் ஒரு மாவட்டத்திலும் தம்பி அடுத்த மாவட்டத்திலும் இருந்தால், பார்க்கப் போவதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வேலை செய்யவும் தடை.

இப்படிச் சிதறியவர்கள் கோயில் என்று எதைக் கொண்டிருக்க முடியும்? அலமாரித் தட்டில் சாமிப் படம். கொஞ்சம் வசதி வந்த பிறகு வாடகைக் கட்டடத்தின் நிலவறையில் ஒரு விக்கிரகம், வெள்ளிக்கிழமைப் பூசை. 1990-களின் இறுதியில் ஜெர்மனி முழுவதும் இப்படி ஏறத்தாழ இருபது தமிழ்க் கோயில்கள் இருந்தன. பலவும் ரூர் தொழில்வட்டாரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் கோயில் என்று தெரியாது. சட்டப்படி அவை 'சங்கங்கள்'. அங்கே ஏழு பேர் கையெழுத்திட்டால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். பதினாலு பேர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நம்மவர்களை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கோயில் இல்லாத குறைக்கு மாதாவிடம் போனவர்களும் உண்டு. நெதர்லாந்து எல்லையை ஒட்டிய கேவெலார் என்ற ஊரில் நூற்றாண்டுகள் பழைய மாதா திருத்தலம் இருக்கிறது. இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் 1980-களின் பின்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் ஆகஸ்டில் அங்கே கூடுகிறார்கள். இலங்கையில் நடக்கும் மடு மாதா திருவிழாவுக்கு ஈடாக அவர்கள் ஏற்படுத்திக்கொண்ட யாத்திரை அது. சைவர்களும் பெருங்கூட்டமாய்ப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்கள், இன்றும் போகிறார்கள். மடுவுக்கு நேர்த்தி வைத்துப் போகும் வழக்கம் ஊரிலேயே சைவர்களுக்கு இருந்ததால், இதில் அவர்களுக்குப் புதுமை எதுவும் இல்லை.

ஹம் நகரத்துக்கு 1985-ல் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் ஆறுமுகம் பாஸ்கரன். பின்னாளில் பாஸ்கரக் குருக்கள். பிராமணர் அல்லர், வீரசைவ குரு மரபில் வந்தவர். 1989-ல் ஒரு நிலவறையில் காமாட்சியை வைத்துப் பூசையைத் தொடங்கினார். 1990-களின் தொடக்கத்தில் முன்பு சலவையகமாக இருந்த ஓர் இடத்துக்கு அம்பாள் மாறினாள். இதுவரை மற்ற ஊர்களின் கதைதான். ஹம் தனித்து நடந்தது 1993-ல். அந்த ஆண்டுத் திருவிழாவில் அவர் அம்பாளைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்.

நம் மரபில் முறை என்ன? கர்ப்பக்கிரகம், விமானம், கோபுரம், கொடிமரம், எல்லாம் அமைந்த பிறகுதான் தேரோட்டம். இங்கே தலைகீழ். ஒழுங்கான சன்னதிகூட இல்லாத கோயிலிலிருந்து சாமி ஊர்வலம் புறப்பட்டது. முதல் ஆண்டு சில நூறு பேர். பிறகு செய்தி பரவியது. சில ஆண்டுகளில் கூட்டம் ஆயிரங்களைத் தொட்டது. ஜெர்மனியின் மற்ற ஊர்களிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ரூர் வட்டாரத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கும் ஹம் பெரிய ரயில் சந்திப்பு, ஏ2 நெடுஞ்சாலையும் பக்கத்திலேயே போகிறது. எதேச்சையாக வாய்த்த ஊர் எல்லோருக்கும் எட்டும் ஊராகவும் அமைந்தது.

குடியிருப்புத் தெருவில் ஆயிரக்கணக்கானோர், நாதஸ்வரம், தவில், காவடி, வழி நெடுகச் சிதறு தேங்காய். கார் நிறுத்த இடமில்லை. அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அமைதியைச் சட்டம் போட்டுக் காக்கும் நாடு அது. இன்னொரு பக்கம் நகராட்சிக்கும் ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை பேர் கூடும் நிகழ்ச்சியைத் தடுத்து நிறுத்துவதைவிட அதற்குத் தோதான இடம் காட்டுவதே லாபம். 1997-ல் கோயில் ஊன்ட்ரோப் தொழிற்பேட்டைக்குப் போனது. அங்கேயே நிலமும் அமைந்தது. கூட்டம் வராத நிலவறைக் கோயிலாகவே இருந்திருந்தால் எந்த அதிகாரியும் வரைபடத்தை விரித்திருக்க மாட்டார். தேர்தான் நிலத்தை வாங்கிக் கொடுத்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

தொழிற்பேட்டையில் கோயிலா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வழிபாட்டு இடங்களை ஊரின் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. பல மசூதிகளின் கதையும் அதுதான். ஆனாலும் ஹம் கோயிலுக்கு இந்த ஓரம் வசதியாகவே போயிற்று. இரவில் தூக்கம் கெடுகிறது என்று சொல்ல ஆளில்லை, தேர் திரும்ப அகலமான சாலை இருக்கிறது, நடந்து போகும் தூரத்தில் டாட்டெல்ன்-ஹம் கால்வாய் ஓடுகிறது. 1914-ல் சரக்குப் படகுகளுக்காகத் திறந்த 47 கிலோமீட்டர்க் கால்வாய் அது. இன்று அம்பாளின் தீர்த்தோற்சவம் அதில்தான் நடக்கிறது.

கட்டட வேலை 2000-ல் தொடங்கியது. வடிவமைத்தவர் ஹைன்ஸ்-ரைனர் ஐக்ஹோர்ஸ்ட் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர். மாதிரியாகக் கொண்டது காஞ்சிபுரம் காமாட்சி அம்மன் கோயில். பக்கத்துக்கு 27 மீட்டராகச் சதுர மண்டபம், நடுவே அம்பாள் சன்னதி, சுற்றிலும் பிள்ளையார், சிவலிங்கம், வள்ளி தெய்வானையோடு முருகன், லட்சுமி நாராயணர், நவக்கிரகம். சுவரும் கூரையும் ஜெர்மானிய முறையில் எழுந்தன. விமானத்தையும் கோபுரச் சுதைகளையும் செய்ய இந்தியாவிலிருந்து சிற்பிகள் போனார்கள். இரண்டு கணக்குகளும் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகமத்துக்குத் திசையும் அளவும் பெரிது, கட்டட விதிக்கு அவசர வழியும் தீயணைப்பும் பெரிது. நம்மூரில் பிராகாரம் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். அங்கே ஜனவரியில் வெறுங்காலோடு சுற்ற வேண்டும் என்றால் பிராகாரமும் கூரைக்குள்தான். பணம் நன்கொடையிலிருந்தும் கடனிலிருந்தும் வந்தது. உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவியும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தும் சேர்த்த காசு அதில் நிறைய.

திருவிழா மே கடைசியிலோ ஜூனிலோ வரும். இரு வார அளவுக்கு நீளும். தேர் எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான். நட்சத்திரம் பார்த்துத் தேர் நாள் குறிக்கும் வழக்கம் இங்கே விடுமுறைக்கு வழிவிட்டிருக்கிறது. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டியவர்களின் திருவிழா இது என்பதை அம்பாளும் அறிந்திருப்பாள். அன்றைக்கு மட்டும் 15,000 முதல் 20,000 பேர் வரை கூடுவதாகச் சொல்கிறார்கள்.

தேரன்று காலை பார்க்க வேண்டியது சாலையை. முந்தின நாள்வரை லாரிகள் ஓடிய தார்ச்சாலையில் வேட்டியை இறுக்கிக் கட்டிய ஆண்கள் கையில் தேங்காயை ஏந்தியபடி உருண்டு வருகிறார்கள். நாம் அங்கப்பிரதட்சிணம் என்பதை யாழ்ப்பாணத்தார் பிரதட்டை என்பார்கள். பெண்கள் அடிக்கொரு முறை விழுந்து வணங்கி அடியழித்துக்கொண்டும் கற்பூரச் சட்டி ஏந்திக்கொண்டும் பின்னால் வருகிறார்கள். முதுகில் முள் குத்திய காவடிக்காரரைப் பார்த்து ஜெர்மானியப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கேமராவைத் தூக்குகிறார்கள். இரு பக்கமும் தற்காலிகக் கடைகள்: சேலை, நகை, வடை, குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான். ஊர்ப்பக்கத்துத் தேர்முட்டியில் கேட்கும் அதே இரைச்சல். பிள்ளைகள் பேச்சுவாக்கில் ஜெர்மனுக்கு மாறும்போதுதான் இடம் எதுவென்று உறைக்கும்.

இனி சட்டத்துக்கு வருவோம். ஜெர்மனியில் கத்தோலிக்கத் திருச்சபை, புராட்டஸ்டண்ட் திருச்சபைகள், யூத சமூகங்கள் போன்றவை வெறும் சங்கங்கள் அல்ல. 'பொதுச்சட்டக் கழகம்' என்ற தகுதி பெற்றவை. 1919-ம் ஆண்டு வைமார் அரசியலமைப்பின் பிரிவு இன்றைய அரசியலமைப்பிலும் அப்படியே தொடர்கிறது. உறுப்பினர் எண்ணிக்கையாலும் அமைப்பாலும் நிலைத்து நிற்கும் என்று காட்டினால் எந்த மதச் சமூகமும் அந்தத் தகுதியைக் கேட்கலாம். கிடைத்தால் உறுப்பினர்களிடமிருந்து மதவரி திரட்டும் உரிமை, வரிச் சலுகைகள், எல்லாவற்றுக்கும் மேலாக அரசு அலுவலகங்களில் மதிப்பு. ஹம் கோயிலை மையமாகக் கொண்ட இந்துச் சமூக அமைப்புக்கு நார்த்ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலம் 2017-ல் அந்தத் தகுதியை வழங்கியது. ஒரு மாவட்டத்தைத் தாண்ட அனுமதிச் சீட்டு கேட்டு நின்றவர்களின் கோயில் சட்டத்தின் கண்ணில் திருச்சபைகளின் வரிசைக்கு வந்துவிட்டது. கோபுரத்தைவிட இது பெரிய காரியம் என்பது என் எண்ணம். ஆனால் படம் பிடிக்க முடியாத காரியம் என்பதால் செய்திகளில் அதிகம் அடிபடுவதில்லை.

குறையே இல்லையா? ஒரே குருக்களைச் சுற்றி வளர்ந்த கோயில் இது. முடிவுகள் சட்டென்று எடுக்கப்பட்டதும், நிர்வாகச் சண்டையில் வேலை நிற்காமல் போனதும் அதனால்தான். அதே காரணத்தால், அடுத்த தலைமுறையில் யார் என்ற கேள்வியும் இங்கே கூர்மையாக இருக்கிறது. அங்கே பிறந்து பொறியியலும் மருத்துவமும் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் மந்திரம் படிக்க வருவார்கள்? இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அர்ச்சகர்களை வரவழைப்பதற்கு விசா வேண்டும். தேர்க்கூட்டத்தைப் பார்த்துவிட்டு இதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

பெர்லினில் ஸ்ரீ மயூரபதி முருகன் கோயில் 2013-ல் சொந்தக் கோபுரத்தோடு திறக்கப்பட்டது. வேறு ஊர்களிலும் நிலவறைகளிலிருந்து சாமிகள் மேலேறிக்கொண்டிருக்கின்றன. இந்தக் காலத்தைக் கூடவே இருந்து பதிவு செய்தவர்கள் மார்ட்டின் பௌமான், பிரிகிட்டே லூகேசி போன்ற ஜெர்மானிய மதவியல் ஆய்வாளர்கள். அவர்கள் எழுதியது ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. சலவையகத்தில் விளக்கேற்றியவர்களும் முதல் தேர் வடம் பிடித்தவர்களும் இன்று அறுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் கோயில் நடத்தும் சங்கங்கள் அடுத்த திருவிழா மலரில் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியையாவது இவர்களுக்குக் கொடுத்து, நடந்ததைத் தமிழில் எழுதி வாங்க வேண்டும்.