அடங்காத அழற்சியும் நுரையீரல் புற்றுநோயும்

“புகையிலையைத் தொட்டதே இல்லை, எனக்கு எப்படி இந்நோய் வந்தது?” மணலி புதுநகரிலிருந்து வரும் நுரையீரல் புற்றுநோயாளிகளுள் சிலர் எங்களிடம் கேட்பது இது. உடன் வந்தவர்கள் கேட்பது வேறு: “எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட என்ன கொடுக்கலாம்?” இரு கேள்விகளும் ஒரு புரதத்தில் வந்து சேர்கின்றன.

நுரையீரலுக்குள் கிருமியோ தூசியோ நுழைந்ததும், பிறவியிலேயே அமைந்த நோயெதிர்ப்பின் காவலர்களான மேக்ரோபேஜ் அணுக்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் புரதத்தை வெளியிடுகின்றன. அது அழற்சியை எழுப்பிச் சிதைந்த திசுவைச் சீர்செய்யத் தூண்டும். பின்னர் அடங்கிவிட வேண்டும். நாள்தோறும் நுண்தூசி உட்புகுந்தால் அடங்குவது எங்ஙனம்?

இலண்டன் பிரான்சிஸ் கிரிக் ஆய்வகத்தின் சார்லஸ் சுவான்டன் குழுவினர் 2023-இல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கினர். இயல்பான நுரையீரல் திசு மாதிரிகளிலேயே 18 விழுக்காட்டில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் காணப்பட்டது. வயது ஏறுகையில் சேரும் இத்தகைய மாற்றங்கள் பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். எலிகளில் நுண்தூசி அந்த அணுக்களைத் தட்டியெழுப்பியது. அதற்குத் துணைநின்றது காக்கவந்த இப்புரதமே. அதைத் தடுத்தபோது கட்டி உருவாவது குறைந்தது.

மணலியைக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளுள் ஒன்றாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் பட்டியலிட்டது. ஆயினும் ஒருவரது கட்டிக்கு இந்தக் காற்றே காரணம் என்று எங்களால் சுட்ட இயலாது. புகைக்காதவர் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வோம்.

அப்படியாயின் புரதத்தைத் தடுத்துவிட்டால் போதாதா? மாரடைப்பு கண்ட 10,061 பேரிடம் கனகினுமாப் என்னும் தடுப்பு மருந்தைச் சோதித்த ஆய்வு 2017-இல் வெளியானது. மருந்து பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் இறப்புகள் குறைந்திருந்தன. ஆனால் நோய் முற்றியவர்களிடம் பின்னர் நடந்த சோதனைகளில் அம்மருந்து ஆயுளைக் கூட்டவில்லை. எனவே அது இன்று சிகிச்சையாக வழங்கப்படுவதில்லை.

‘சக்தி கூட்டும்’ பொடிகளை நாங்கள் பரிந்துரைக்காததற்கும் இதுவே காரணம். நோயெதிர்ப்பு என்பது கூட்டக் கூட்ட நன்மை தரும் ஒற்றைப் பொருளன்று. மேலும், சில மூலிகைகள் ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் மாற்றிவிடக்கூடும். வீட்டில் எதை உட்கொண்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள், கடிந்துகொள்ள மாட்டோம்.

வீட்டில் எவருக்கேனும் மூன்று வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தாலோ, காசநோய் மருந்து உட்கொண்டும் குறையாவிட்டாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ, புகைக்காதவர்தானே என்று காத்திராமல் அழைத்து வாருங்கள். பழைய எக்ஸ்ரே படங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்து வாருங்கள். புதிய படத்துடன் ஒப்பிட அவை பெரிதும் உதவும்.