கேபிளைப் பிடுங்கினாலும் பாட்டு நிற்காது

இசைக்கென்றே தனியாக விற்கும் நெட்வொர்க் கேபிளும் சுவிட்சும் வாங்கலாமா?

ரவுட்டரிலிருந்து கணினிக்குப் போகும் சாதாரண நெட்வொர்க் கேபிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதே வேலையைச் செய்யும் கேபிளை 'இசைக்காகவே தயாரித்தது' என்று பல்லாயிரம் ரூபாய் விலை வைத்து விற்கிறார்கள். ரவுட்டரின் இணைப்பைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் நெட்வொர்க் சுவிட்ச்களிலும் இப்போது இசைக்கென்றே தனி ரகங்கள் வந்துவிட்டன. பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் ஒலி துலங்கும் என்கிறார்கள் விற்பவர்கள். நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வைத்துப் பாட்டுக் கேட்பவர்களுக்கு மனம் சபலப்படுவது இயல்பு. பணத்தை எடுப்பதற்கு முன் அந்தக் கேபிளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

கேபிளுக்குள் ஓடுவது என்ன?

சி.டி. தரத்தில் பாட்டுக் கேட்க நொடிக்குச் சுமார் 1.4 மெகாபிட் தகவல் வேண்டும். ஆப்பிள் மியூசிக் 2021இல் அறிமுகப்படுத்திய உச்சத் தரம் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ். அதைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினாலும் நொடிக்கு 9.2 மெகாபிட்தான். வீட்டில் கிடக்கும் மலிவான கிகாபிட் சுவிட்ச் நொடிக்கு 1,000 மெகாபிட் கடத்தக்கூடியது. இசை அதற்கு ஒரு சுமையே இல்லை.

அந்தத் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் பயணிக்கிறது. ஒவ்வொன்றின் முடிவிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் இருக்கும். வழியில் ஒரு பிட் பிசகினால் பொட்டலம் நிராகரிக்கப்படும். ஸ்ட்ரீமிங் சேவைகள் அதை மறுபடி அனுப்பிவிடும். தபால்காரர் பழைய சைக்கிளில் வந்தாலும் புது பைக்கில் வந்தாலும் மணியார்டர் தொகை மாறாது. பாட்டும் அப்படித்தான் முழுதாக வந்து சேர்கிறது.

சரி, நேரம் தவறாதா? எண்களை ஒலி அலையாக மாற்றும் 'டாக்' சிப், தன் பக்கத்திலேயே இருக்கும் கடிகாரத் துடிப்பைப் பின்பற்றுகிறது. சுவிட்சுக்குள் எவ்வளவு துல்லியமான கடிகாரம் இருந்தாலும் அது அடுத்த போர்ட்டுக்குப் பொட்டலத்தை அனுப்பத்தான் பயன்படும். பொட்டலங்கள் முன்னே பின்னே வந்தாலும், நெட்வொர்க் வழியே பாட்டை வாங்கி இசைக்கும் கருவியான ஸ்ட்ரீமர் அவற்றை நினைவகத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு தன் தாளத்தில்தான் வாசிக்கும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பாட்டு ஓடும்போது ஸ்ட்ரீமரிலிருந்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பெரும்பாலான கருவிகளில் பாட்டு சில நொடிகளாவது தொடரும். சிலவற்றில் அந்தப் பாட்டு முடியும்வரைகூடப் போகும். அந்த நேரத்தில் கேபிளே இல்லை. கேபிள் ஒலிக்கு நிறம் கூட்டுவது உண்மையென்றால் பிடுங்கிய கணத்தில் ஒலி மாறியிருக்க வேண்டும். மாறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

லாஸ் வேகாஸ் சோதனை

2015இல் 'ஆர்ஸ் டெக்னிகா' இதழும் ஜேம்ஸ் ராண்டி கல்வி அறக்கட்டளையும் சேர்ந்து அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஒரு சோதனை நடத்தின. ஒரு பக்கம் ஆடியோக்வெஸ்ட் நிறுவனத்தின் சுமார் 340 டாலர் கேபிள், மறுபக்கம் சாதாரண கேபிள். எது எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்தபோது வேறுபாட்டைப் பிரித்தறிய முடியவில்லை என்பதே முடிவு.

நியாயமான ஒரு கவலை

விற்பவர்கள் சொல்வதில் ஒன்றைத் தள்ளிவிட முடியாது. கேபிள் வழியாக மின் இரைச்சலும் பயணிக்கலாம். அதைத் தடுக்க ஈதர்நெட் போர்ட்டுகளில் சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் உண்டு. இரு கருவிகளையும் மின்சார ரீதியாகப் பிரித்து வைப்பவை அவைதான். ஆனால் உலோக உறை சுற்றிய கேபிளை இரு முனையிலும் உலோக பிளக்கோடு மாட்டினால், இரண்டு கருவிகளின் கிரவுண்டும் அந்த உறை வழியே இணைந்து 'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கலாம். விலை உயர்ந்த இசைக் கேபிள்கள் பலவும் உறை போட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். உறையில்லாத யூ.டி.பி. கேபிளில் இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பிறகும் சந்தேகம் தீராதவர்கள், மின் சமிக்ஞையை ஒளியாகவும் ஒளியை மின் சமிக்ஞையாகவும் மாற்றும் இரண்டு மீடியா கன்வர்ட்டர்களுக்கு இடையே ஃபைபர் கேபிள் போடலாம். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

எதை வாங்கலாம்?

முழுச் செம்பில் செய்த கேட் 5இ அல்லது கேட் 6 யூ.டி.பி. கேபிள் போதும். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட் வேகம் தரும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய 'சி.சி.ஏ.' கேபிளை மட்டும் தவிருங்கள். தரவிதிகள் அதை ஏற்பதில்லை, எளிதில் ஒடியும். சுவிட்ச் என்றால் பெயர்பெற்ற நிறுவனத்தின் ஐந்து போர்ட் கிகாபிட் சுவிட்ச் போதுமானது. பாட்டு விட்டுவிட்டு வந்தால் முதலில் வைஃபையையும் சரியாகக் கிரிம்ப் செய்யாத பிளக்கையும் சந்தேகியுங்கள்.

அப்படியும் விலை உயர்ந்த ஒன்றின் மேல் ஆசை என்றால், திருப்பித் தர அனுமதிக்கும் கடையில் வாங்குங்கள். நீங்கள் பார்க்காதபடி வீட்டில் ஒருவர் காசு சுண்டிப் பார்த்து எந்தக் கேபிள் என்று தீர்மானித்து மாட்டட்டும். பத்து முறை கேட்டு எழுதிவையுங்கள். குத்துமதிப்பாகச் சொன்னாலே ஐந்து சரியாக வரும். ஒன்பதோ பத்தோ அதிர்ஷ்டத்தால் சரியாக வர நூற்றில் ஒரு வாய்ப்புதான். ஒன்பது வந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். எதிரொலிக்கும் அறைக்குக் கனமான திரைச்சீலையும் தரைவிரிப்பும் போடுங்கள். அந்த மாற்றத்தைக் கேட்க யாருக்கும் சோதனை தேவைப்படாது.