தாயர் மீது பழி ஏன்?

'ஆட்டிசம்' என்னும் சொல், 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. தமிழில் 'மதியிறுக்கம்' எனவும் வழங்குவர். 1943-ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இதனை விளக்கினார். பின்னர், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்னும் கருத்துப் பரவிற்று. 1964-இல் பெர்னார்டு ரிம்லாண்டு அதனை மறுத்தார். அவரே இத்தகைய மகனின் தந்தை. 1977-இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு மரபுவழியின் பங்கைக் காட்டிற்று.

நூலில் நீங்கிய பழி, அயலார் நாவில் நீங்கிற்றா? தேக்கா சந்தையின் இரைச்சலும் சிராங்கூன் சாலையின் தீபாவளி விளக்கொளியும் இக்குழந்தைகள் சிலரைப் பெரிதும் வருத்தும். காதைப் பொத்திக் கதறும் பிள்ளையைக் கண்டோர், 'வளர்ப்புச் சரியில்லை' என்பர். அது புலன்களின் துன்பமேயன்றி வளர்ப்பின் குறையன்று. கூட்டம் குறைந்த வேளையைத் தேர்ந்தும், செல்லும் வழியைப் படங்களால் முன்னரே காட்டியும் பிள்ளையைச் சிறிது சிறிதாகப் பழக்குவது தாயின் அன்றாடப் பணி.

சிங்கப்பூரில் 2004-இல் பாத்லைட் பள்ளி தோன்றிற்று. 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டம் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கும் விரிந்தது. ஆயினும் ஓர் ஐயம் தாயரை வாட்டுகிறது: ஆங்கிலம் மட்டும் பேசினால் பிள்ளைக்கு எளிதாகுமோ? இரு மொழி கேட்பதால் இக்குழந்தைகளின் பேச்சு பின்னடைவதில்லை என்பதே ஆய்வுகளின் முடிபு. எனவே தாலாட்டிய தமிழைத் தாய் கைவிட வேண்டுவதில்லை. தமிழாசிரியர் அவளுக்கு முதலில் சொல்லத்தக்கது இதுவே.