பட்டாசு பெட்டியில் 'குண்டு' எழுத்து!

சிவகாசி பட்டாசு என்றதும் நினைவுக்கு வருவது குண்டு குண்டான எழுத்து. சிவப்பு எழுத்து, மஞ்சள் ஓரம், பின்னால் கறுப்பு நிழல்!

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். பெட்டிக்கு லேபிள் வேண்டுமே! லித்தோ அச்சகங்கள் முளைத்தன.

லித்தோவில் ஈய எழுத்து கோர்ப்பது கிடையாது. ஓவியர்தான் எழுத்தை வரையணும். கல்லில் வரைந்தால், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி வரையணும்.

ஏன் குண்டு?

தீப்பெட்டி லேபிளோ சின்னது. கடைக்கு வெளியே நிற்பவருக்கும் பெயர் தெரியணும். படிக்கத் தெரியாதவருக்கு சேவல், அணில் படம். படித்தவருக்கு இந்த எழுத்து.

கம்ப்யூட்டர் வந்தது, கை எழுத்து வேலை குறைந்தது. பழைய லேபிள் வீட்டில் கிடந்தால் வீசிடாதீங்க! வரைந்தவர் பெயர் அதில் இருக்காது; அவர் கைவண்ணம் இருக்கும்.