எத்தனை பிக், எத்தனை மீட்டர்?

குமாரபாளையத்தில் கூலிக்குத் தறி ஓட்டும் ஒருவரிடம் பாவு நூலைக் கொண்டுபோய் இறக்கி, "நல்லா ஓட்டிக் குடுங்க, பாத்துச் செய்யறேன்" என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். நூல் எத்தனையாம் நம்பர், அகலம் எத்தனை அங்குலம், அங்குலத்துக்கு எத்தனை பிக், மொத்தம் எத்தனை மீட்டர், மீட்டருக்கு என்ன கூலி, துணி என்றைக்கு வேண்டும்? இத்தனையும் தெரியாமல் அவர் சுவிட்சைப் போட மாட்டார்.

பிக் என்பது வேறொன்றுமில்லை. நாடா ஒரு முறை குறுக்கே ஓடினால் ஒரு பிக். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை ஊடை இழை விழுகிறதோ அதுதான் அந்தத் துணியின் பிக் கணக்கு. 48 பிக் என்று பேசிய துணிக்கு, கூலியெல்லாம் முடிவான பிறகு வந்து, "நாலே நாலு இழைதானுங்க, 52 ஆக்கிருங்க" என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டருக்கு 39.37 அங்குலம். 1,000 மீட்டர் துணியில் கூடுதலாக விழ வேண்டிய இழை 1,57,480. நிமிடத்துக்கு 150 பிக் போடும் நாடா தறி ஒரு நொடியும் நிற்காமல் ஓடினால் இதற்கு மட்டும் 17½ மணி நேரம் ஆகும். நூல் செலவு தனி. இந்தக் கணக்கு இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் அப்படி யாரும் கேட்பதில்லை. கேட்டால், கூலியைக் கூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்பார்கள்.

தறிக்காரரிடம் இப்படிக் கணக்குப் பேசும் ஜவுளி முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பேசும்போது இந்தக் கணக்கு எதுவும் வராது. "நம்ம கம்பெனி பேரு கொஞ்சம் பேப்பர்ல வர்ற மாதிரி பாத்துக்குங்க தம்பி. மாசம் ஒரு தொகை வாங்கிக்குங்க." அவ்வளவுதான் ஒப்பந்தம்.

நான் செய்வது மக்கள் தொடர்பு வேலை. எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லாமல், தனியாளாக. இந்தப் பெயரைத் தமிழர்களுக்குப் பழக்கியது சினிமா. 1958இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்துக்குச் செய்தித் தொடர்பு பார்த்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தனைத்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்பார்கள். சினிமா பி.ஆர்.ஓ.வுக்கு ஒரு வசதி உண்டு. படம் வெளியாகி, வெற்றி விழாவோ தோல்வியோ முடிந்ததும் வேலை முடிந்துவிடும். ஜவுளிக் கம்பெனிக்கும் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் வேலை செய்பவனுக்கு, படம் முடிந்ததும் திரையில் வரும் 'வணக்கம்' அட்டை கிடையாது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அவனேதான் எழுதிக்கொள்ள வேண்டும். பெருநகர ஏஜென்சிகளில் அந்த எழுத்துக்கு 'ஸ்கோப்' என்று பெயர். வேலை வரம்பு என்று சொல்லலாம்.

அது இல்லாமல் நான் இறங்கிய முதல் வேலை ஒரு கடைத் திறப்பு விழா. "விளம்பரமா இருக்கணும்" என்றார்கள், சரி என்றேன். செய்திக்குறிப்பு எழுதப் போனவன் அழைப்பிதழுக்கு வாசகம் எழுதினேன். தொகுப்பாளருக்குப் பேச்சு எழுதினேன். சிறப்பு விருந்தினரை ஈரோடு ஜங்ஷனில் இருந்து கூட்டிவந்தேன். விழா முடிந்தும் மூன்று வாரம் ஆடித் தள்ளுபடிக்கு வாட்ஸ்அப் படம் செய்துகொண்டிருந்தேன். கடைசியில் செய்தி இரண்டு பத்தி வந்தது. முதலாளி பெயரில் ஓர் இன்ஷியல் விட்டுப்போயிருந்தது. பேசிய தொகையில் பாதிதான் கைக்கு வந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவர் மனதில் இருந்த துணி வேறு, என் மனதில் இருந்த துணி வேறு. இருவரும் பிக் எண்ணவில்லை.

சட்டம் இதை 150 ஆண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது. கூடவே தரும் உதாரணங்கள் ரசமானவை. ஒருவர் நூறு டன் எண்ணெய் விற்பதாக ஒப்புக்கொள்கிறார்; என்ன எண்ணெய் என்று தெரியவில்லை, செல்லாது. அதே ஆள் தேங்காய் எண்ணெய் மட்டும் விற்கும் வியாபாரி என்றால் செல்லும். அவர் தொழிலே பொருளைச் சொல்லிவிடுகிறது. இன்னொருவர் தன் வெள்ளைக் குதிரையை ஐந்நூறு ரூபாய்க்கோ ஆயிரம் ரூபாய்க்கோ தருவதாகச் சொல்கிறார். எந்த விலை என்று தெரியாததால் அதுவும் செல்லாது. தறிக்காரர் இதில் தேங்காய் எண்ணெய் வியாபாரி மாதிரி. பாதி விஷயத்தை அவர் தொழிலே சொல்லிவிடும். "பி.ஆர்." என்ற சொல்லுக்குள்ளோ கடலை எண்ணெய், நல்லெண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் இருக்கிறது.

சரி, வேலை வரம்பில் எதை எழுதுவது? பலர் முதலில் செய்திக்குறிப்பு எத்தனை என்று தொடங்குவார்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இதை யார் படிக்க வேண்டும், படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும்? பொறியியல் கல்லூரிக்கு பிளஸ் டூ முடித்த பிள்ளையின் பெற்றோர் வேண்டும், அதுவும் மே மாதத்துக்குள். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்பவருக்கு உள்ளூர்ப் பக்கத்தில் படம் வந்தால் மாமனார் வீட்டில் மரியாதை கூடும்; ஆர்டர் கூடாது. அவருக்கு வேண்டியது ஒரு வணிக இதழ்க் கட்டுரையாக இருக்கலாம். கழிவுநீர்ப் புகாரில் சிக்கிய சாயப்பட்டறைக்காரர் "நல்ல பேரு வர்ற மாதிரி" கேட்டால், முதலில் தண்ணீரைச் சுத்தம் செய்ய வழி பார்க்கச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மக்கள் தொடர்புத் துறையின் முன்னோடி ஐவி லீ 1906லேயே தன் கொள்கை அறிக்கையில், நாங்கள் பத்திரிகைகளுக்குத் தருவது சரிபார்க்கக்கூடிய தகவல் என்று அறிவித்தார். எதை எழுத மாட்டேன் என்பதும் வேலை வரம்புதான்.

அடுத்தது இடம். வெளியூர்க்காரர்கள் கோட்டைவிடும் விஷயம் இது. குமாரபாளையத்தில் பாலத்தில் ஏறி காவிரியைத் தாண்டினால் பவானி. சில நிமிட நடை. ஆனால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டம் (1997 வரை சேலம் மாவட்டம்), அந்தப் பக்கம் ஈரோடு மாவட்டம். நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்கள் இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் பிரிகின்றன. குமாரபாளையத்துச் செய்தி நாமக்கல் பக்கத்தில் வந்தால், பவானியில் காலை டீக்கடையில் பேப்பர் விரிப்பவர் கண்ணில் அது படாமலே போகலாம். நம் முதலாளியின் வாடிக்கையாளர்களோ ஈரோட்டில் இருப்பார்கள். "பேப்பர்ல வரவே இல்லியே" என்று அவர் சம்பந்தி ஈரோட்டில் இருந்து போன் செய்வார். எந்தப் பதிப்புக்கு, எந்த மாவட்ட நிருபருக்கு என்று முதல் நாளே எழுதியிருந்தால் இந்தச் சண்டை இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான கோடு ஒன்று உண்டு. கையில் இருப்பதையும் கையில் இல்லாததையும் பிரிக்கும் கோடு. தறிக்காரருக்குக் கூலி, ஓட்டிய மீட்டருக்கு. அந்தத் துணி ஈரோடு ஜவுளிச் சந்தையில் விற்றதா, கட்டு பிரிக்காமல் திரும்பியதா என்பது அவர் கணக்கில் வராது. என் கையில் இருப்பது செய்திக்குறிப்பு எழுதுவது, சரியான நிருபரிடம் சரியான நேரத்தில் சேர்ப்பது, கேள்வி வந்தால் பதிலுக்கு ஆளைத் தயார் செய்வது. வெளியிடுவது ஆசிரியர் குழுவின் முடிவு. அன்று காவிரியில் வெள்ளம் வந்தால் என் செய்தி அடித்துக்கொண்டு போய்விடும். "நிச்சயம் வரும்" என்று எழுதிக் கொடுப்பவர் ஒன்று பொய் சொல்கிறார், இல்லை காசு கொடுத்துப் போடவைக்கிறார். காசு கொடுத்தால் அது விளம்பரம். அதை விளம்பரம் என்று சொல்லித்தான் போட வேண்டும்.

இன்னொரு பழக்கம், வந்த செய்தியை ஸ்கேலால் அளந்து, இத்தனை சதுர சென்டிமீட்டருக்கு விளம்பரக் கட்டணம் இவ்வளவு, ஆகவே உங்களுக்கு இத்தனை லட்சம் லாபம் என்று அறிக்கை கொடுப்பது. 2010இல் பார்சிலோனாவில் கூடிய துறைக்காரர்கள் இந்த அளவுகோல் மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று கொள்கையாகவே அறிவித்துவிட்டார்கள். நம் ஊரில் ஸ்கேல் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது.

வேலை வரம்பில் திருத்தம் எத்தனை முறை என்றும் எழுதுங்கள். இரண்டு போதும். ஒப்புதல் சொல்பவர் ஒருவர் என்றும் எழுதுங்கள். குடும்பத் தொழில்களில் இது உயிர்நாடி. அண்ணன் சேர்த்த வரியைத் தம்பி எடுப்பார், தம்பி எடுத்ததை மாப்பிள்ளை மறுபடி சேர்ப்பார், எட்டாவது நகலில் முதல் நகல் திரும்பி வரும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதம் தொகைக்குள்ளா, மேலேயா என்று ஒரு வரி.

எழுத்துரிமையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் அல்லாத தனியாள் எழுதியதன் உரிமை எழுதியவரிடமே இருக்கும், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம் போன்றவையோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்குச் சொந்தம். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். ஏற்றுமதியாளரின் கையேட்டை எழுதுபவர் இந்த இரண்டையும் கேட்காமல் விடக் கூடாது.

இத்தனையும் சேர்ந்தால் என்ன நீளம் வரும்? அரைப் பக்கம். லுங்கி உற்பத்தியாளர் ஒருவருக்கு என்றால் இப்படி எழுதுவேன்: "புதிய ரகம் அறிமுகம். ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை. சேர வேண்டியவர்கள் ஈரோடு, சேலம், கரூர் மொத்த வியாபாரிகள். நான் தருவது செய்திக்குறிப்பு மூன்று, ஈரோட்டில் நிருபர் சந்திப்பு ஒன்று, வணிக இதழுக்குக் கட்டுரை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருத்தம். ஒப்புதல் தங்களுடையது மட்டும், இரண்டு வேலை நாளுக்குள். விளம்பரம், புகைப்படம், வீடியோ, அழைப்பிதழ், சமூக வலைதளப் பதிவு, விருந்தினர் வண்டி இதில் சேரா. செய்தி வெளியாவது பத்திரிகைகளின் முடிவு. தொகை மூன்று தவணை, முதல் தவணை தொடங்கும் முன்."

சேராதவை என்ற வரியைப் பார்த்தால் சிலருக்கு முகம் சுருங்கும். மறுப்பதற்கான வரி இல்லை அது. "ஒரு சின்ன வீடியோ மட்டும்" என்று நடுவில் கேட்டால், "பண்ணித் தர்றேனுங்க, அது தனிக் கணக்குங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்ல அந்த வரி இடம் கொடுக்கும். இல்லையென்றால் அதே வாக்கியம் பேராசையாகக் கேட்கும்.

எழுதியதை முதலாளி எதிரே உட்கார்ந்து வாய்விட்டு ஒரு முறை படித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அவர் "அது எப்படிங்க?" என்கிறாரோ, அந்த வரிதான் பின்னால் சண்டையாக வரவிருந்த வரி, அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். முத்திரைத்தாள் வேண்டியதில்லை. மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பி "சரிங்க" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னணு வழியில் செய்துகொண்டது என்பதற்காகவே ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது. முன்பணம் வங்கியில் ஏறிய பிறகு முதல் செய்திக்குறிப்பைத் தொடங்குங்கள்.